வெள்ளைப் பல் அடைப்பு எப்படி இறுகுகிறது, எப்படிப் பழசாகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செபராங் பிறையில் உள்ள ஒரு பொருளறிவியல் ஆய்வகத்தில் வெள்ளைப் பல் அடைப்புக்கான காம்போசிட் என்னும் கலவைப் பிசினைச் சோதிப்பது என் வேலை. இதைச் சொன்ன உடனே, கேட்டவர் வாயைத் திறந்து ஏதாவது ஒரு பல்லைக் காட்டுவார். திருமண விருந்திலும் பினாங்குப் பெர்ரிப் படகிலும் தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டிலும் இது நடந்திருக்கிறது. பிறகு வருகிற ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களும் அவற்றில் பாதியைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் கடினமான மீதியைக் கேட்பார்கள். எல்லாவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போக ஆழமானவை. உங்கள் சொந்தப் பல்லைப் பற்றிய முடிவைப் பல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இங்கே பேசுவது பல்லுக்குள் வைக்கப்படும் பொருளைப் பற்றி.

வெள்ளை அடைப்பு என்பது சிமெண்டா, பிளாஸ்டிக்கா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வீடு கட்டும் கான்கிரீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஜல்லி இருக்கிறது, ஜல்லியைப் பிடித்துக்கொள்ளும் சிமெண்ட் இருக்கிறது. பல் அடைப்பில் ஜல்லியின் இடத்தில் மிக நுண்ணிய கண்ணாடித் தூளும் சிலிக்காவும் இருக்கின்றன. சிமெண்டின் இடத்தில் பிசின் இருக்கிறது. எடையில் ஏறக்குறைய 70 முதல் 80 விழுக்காடு தூள்தான். ஆகவே பிளாஸ்டிக் என்று மட்டும் சொன்னால் அதில் பெரும்பங்கை விட்டுவிடுகிறோம். எக்ஸ்ரே படத்தில் அடைப்பு வெள்ளையாகத் தெரிவதற்கும் இந்தத் தூள்தான் காரணம். பேரியம் போன்ற கனமான தனிமங்களைக் கண்ணாடியில் சேர்த்திருப்பார்கள்.

பிசினின் முதன்மையான மூலக்கூறுக்கு பிஸ்-ஜிஎம்ஏ என்று பெயர். அமெரிக்கப் பல் மருத்துவர் ரஃபேல் போவன் இதற்கு 1962இல் காப்புரிமை பெற்றார். தேனைவிடப் பன்மடங்கு கெட்டியான பொருள் இது. தூளோடு பிசைவதற்கு ஏற்றபடி இளக்க, டெக்டிஎம்ஏ என்னும் நீர்த்த மூலக்கூறைச் சேர்ப்பார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, அளவில் மிகக் குறைவு, பொறுப்பில் மிகப் பெரிது. அது சிலேன். ஒரு கையால் கண்ணாடித் துகளையும் மறு கையால் பிசினையும் பிடித்துக்கொள்ளும் இணைப்பு அது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், அடைப்பு பழசாகும் கதையில் இது திரும்ப வரும்.

நீல விளக்கைக் காட்டிய உடனே களிம்பு கல்லாகிறதே, சூட்டினாலா?

என் அத்தை கேட்டது இது. சூட்டினால் இல்லை, ஒளியினால். களிம்புக்குள் கேம்ஃபர்குயினோன் என்னும் மஞ்சள் நிறப் பொருள் மிகச் சிறிதளவு கலந்திருக்கிறது. கோயிலில் ஏற்றுகிறோமே கற்பூரம், அதிலிருந்து பிறக்கும் வேதிப்பொருள்தான். அத்தைக்கு அன்று இதைச் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த வியப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இந்தப் பொருள் ஏறக்குறைய 468 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சியதும் உடனிருக்கும் அமீன் மூலக்கூறோடு சேர்ந்து, இணை சேராத எலக்ட்ரான் உள்ள துண்டுகளை உண்டாக்கும். அவை பிசின் மூலக்கூறுகளின் நுனியிலுள்ள கார்பன் இரட்டைப் பிணைப்பைத் திறக்கும். திறந்த மூலக்கூறு அடுத்ததைப் பிடிக்கும், அது இன்னொன்றைப் பிடிக்கும். பிசின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனிகள் உண்டு. அதனால் சங்கிலி மட்டும் உருவாவதில்லை, எல்லாப் பக்கமும் பின்னிய வலை உருவாகிறது. வலை ஆனபின் அது திரும்பக் களிம்பாகாது.

இருபது விநாடி போதுமா? அதற்குள் முழுவதும் இறுகிவிடுகிறதா?

தொட்டால் கெட்டி என்ற பொருளில் இறுகிவிடுகிறது. முழுவதும் என்று கேட்டால், இல்லை. வழக்கமான அடைப்பில் இரட்டைப் பிணைப்புகளில் ஏறக்குறைய 55 முதல் 75 விழுக்காடுதான் மாறுகின்றன. மீதி அப்படியே நிற்கின்றன. இது தரக்குறைவு இல்லை, அறை வெப்பநிலையிலும் வாய் வெப்பநிலையிலும் இறுகும் எல்லா வலைப் பிசின்களுக்கும் உள்ள இயல்பு.

காரணம் இதுதான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் கூட்டம் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். விடியற்காலையில் யாரும் யாரையும் எளிதில் போய்ப் பார்க்கலாம். பத்து மணிக்கு, நான்கு அடி தள்ளி நிற்கும் தம்பியின் கையைக்கூடப் பிடிக்க முடியாது. கை நீட்டத் தயாராக இருக்கிறது, நகர இடம் இல்லை. பிசினிலும் அதுவே நடக்கிறது. வலை இறுக இறுக மூலக்கூறுகள் நகர முடியாமல் போகின்றன, வினை தானாகவே மெதுவாகிறது. விளக்கை அணைத்த பிறகும் சிக்கிக்கொண்ட சில நுனிகள் மெல்ல மெல்ல ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். இந்த இருட்டு இறுக்கம் ஏறக்குறைய ஒரு நாள் நீடிக்கும். அதனால்தான் ஆய்வகத்தில் மாதிரியை 37 டிகிரி செல்சியஸ் நீரில் 24 மணி நேரம் வைத்த பிறகே வலிமையைச் சோதிக்கிறோம்.

அப்படியானால் அடைத்த அன்றே சாப்பிடக் கூடாதா?

சாப்பிடலாம். மெல்லும் விசையைத் தாங்கும் அளவுக்கு அது நாற்காலியிலேயே இறுகிவிட்டது. மரத்துப்போன உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொள்ளாமல் இருக்க, ஊசி மருந்தின் வேகம் தணியும் வரை பொறுங்கள். 24 மணி நேரம் கெட்டியானதைக் கடிக்கக் கூடாது என்ற அறிவுரை பழைய வெள்ளிநிற அமல்கம் அடைப்புக் காலத்தது. அது மெதுவாக இறுகும் உலோகக் கலவை.

கண்ணுக்குத் தெரியாத பிணைப்பு எத்தனை விழுக்காடு மாறியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அகச்சிவப்பு நிறமாலைக் கருவியால். ஒவ்வொரு வகைப் பிணைப்பும் தனக்கே உரிய அலைநீளத்தில் அகச்சிவப்பை விழுங்கும். மாறக்கூடிய கார்பன் இரட்டைப் பிணைப்பு, சென்டிமீட்டருக்கு 1638 அலைகள் என்ற இடத்தில் ஒரு சிகரமாகத் தெரியும். அதன் பக்கத்திலேயே 1608இல் இன்னொரு சிகரம் நிற்கும். அது பிஸ்-ஜிஎம்ஏவின் வளைய அமைப்புக்கு உரியது, இறுகும்போது மாறாது. மாறாத சிகரத்தை அளவுகோலாக வைத்து, மாறும் சிகரம் எவ்வளவு தேய்ந்தது என்று கணக்கிடுகிறோம். களிம்பாக இருக்கும்போது ஒரு முறை, இறுகிய பின் ஒரு முறை. அவ்வளவுதான்.

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எல்லாப் பிசினிலும் வளையம் இருக்காது. யுடிஎம்ஏ என்னும் வளையமில்லாத பிசின் மட்டும் உள்ள களிம்பில் 1608ஐத் தேடினால் கிடைக்காது, வேறு சிகரத்தைத்தான் அளவுகோலாக்க வேண்டும். களிம்பில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் அழகான ஒரு விழுக்காடு வரும். அதற்கு எந்தப் பொருளும் இருக்காது.

இறுகும்போது சுருங்குகிறது என்கிறார்கள். கையளவுகூட இல்லாத அடைப்பில் அது ஒரு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். இந்தத் துறையின் பாதி ஆராய்ச்சி இதைச் சுற்றியே நடக்கிறது. பிணைப்பதற்கு முன் இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையே ஏறக்குறைய 0.3 முதல் 0.4 நானோமீட்டர் இடைவெளி இருக்கும். பிணைந்த பின் அது 0.15 நானோமீட்டராகக் குறையும். கோடானுகோடி இடங்களில் இது நடக்கும்போது மொத்தப் பருமன் 2 முதல் 3 விழுக்காடு குறைகிறது. தூள் குறைவாக உள்ள இளகிய வகைகளில் இன்னும் கூடுதல்.

தனியாக மேசையில் கிடந்தால் சுருங்கிவிட்டுப் போகட்டும். ஆனால் அடைப்பு பல் குழியின் சுவரோடு ஒட்டப்பட்டிருக்கிறது. இறுகும் தொடக்கத்தில் களிம்பு வழிந்து இடம் கொடுக்கும். ஒரு கட்டத்தில் வலை கெட்டிப்பட்டு ஓட்டம் நின்றுவிடும். அதற்குப் பிறகு நடக்கும் சுருக்கம் முழுவதும் இழுவிசையாக மாறி ஒட்டிய இடத்தைப் பிய்க்கப் பார்க்கும். ஒட்டிய பரப்பு எத்தனை, ஒட்டாமல் திறந்திருக்கும் பரப்பு எத்தனை என்ற விகிதம் இங்கே முக்கியம். பெட்டி போன்ற குழியில் ஐந்து பக்கம் ஒட்டியிருக்கும், மேல்பக்கம் ஒன்றுதான் திறந்திருக்கும். விகிதம் ஐந்து, இழுவிசை மிகுதி. பல் மருத்துவர் ஒரே அடியாக நிரப்பாமல் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, ஒளி அதற்கு மேல் ஆழமாகப் போவதில்லை. 4 மில்லிமீட்டர் வரை ஒரே முறையில் நிரப்பும் வகையும் இப்போது இருக்கிறது, அதன் ஒளி ஊடுருவலை அதற்கேற்ப மாற்றியிருப்பார்கள்.

விளக்கை இன்னும் கொஞ்ச நேரம் காட்டினால் எல்லாப் பிணைப்பும் மாறிவிடுமே?

மேலே கூட்ட நெரிசல் பற்றிச் சொன்னதே இதற்கும் பதில். ஓரளவுக்கு மேல் ஒளி பயன்படாது. குறைவாகக் காட்டுவதுதான் உண்மையான ஆபத்து. அதிகம் காட்டினால் பல்லின் உள்ளே வெப்பம் ஏறும், அதையும் கவனிக்க வேண்டும்.

விளக்கு எரிந்தது, நீலம் தெரிந்தது. அதற்கு மேல் என்ன தவறு நடக்க முடியும்?

நிறைய. நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நல்ல எல்இடி விளக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1000 மில்லிவாட் தரும். 20 விநாடிக்கு அது 20 ஜூல். இந்த எண் விளக்கின் நுனியில் அளந்தது. நுனியைச் சில மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்தாலும் சாய்த்துப் பிடித்தாலும் பல்லில் விழும் ஒளி வெகுவாகக் குறையும். கடைவாய்ப் பல்லில் வாய் போதுமான அளவு திறக்காதபோது சாய்வு தானாகவே வந்துவிடும். அடர்ந்த நிறக் களிம்பு ஒளியைத் தானே விழுங்கிக்கொள்ளும். நுனியில் பழைய பிசின் ஒட்டிக் காய்ந்திருந்தால் அதுவும் மறைக்கும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு முறை மூன்று வார மாதிரிகள் முழுவதும் வலிமை குறைந்து வந்தன. களிம்பைச் சந்தேகித்தோம், நீர்த் தொட்டியைச் சந்தேகித்தோம். கடைசியில் விளக்கின் நுனியில் நகக்கண் அளவு காய்ந்த பிசின் இருந்தது. கண்ணுக்கு நீலம் எப்போதும்போலப் பளிச்சென்று தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் ஒளிமானியில் அளந்து எழுதிய பிறகே வேலையைத் தொடங்குகிறோம். அந்த மூன்று வாரம் எங்களுக்கு மாதிரிகள்தாம் போயின. வாய்க்குள் அதே குறை நேர்ந்தால் மேல்புறம் கெட்டியாக, அடிப்புறம் பாதி வெந்த சோறாக இருக்கும், அது யாருக்கும் தெரியாது. இன்னொன்று, அந்த ஒளியை நேராகப் பார்க்காதீர்கள். விழித்திரைக்குக் கேடு. ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தடுப்பு அதற்காகத்தான்.

அடிப்புறம் இறுகியதா என்று சோதிக்க வழி இருக்கிறதா?

வாய்க்குள் இல்லை, மேசையில் உண்டு. ஐஎஸ்ஓ 4049 தரநிலை சொல்லும் முறை வியக்கும் அளவுக்கு எளிது. உருளை அச்சில் களிம்பை நிரப்பி, மேலிருந்து ஒளி காட்டி, வெளியே எடுத்து, அடியில் இளகியிருப்பதைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டிவிட வேண்டும். எஞ்சிய கெட்டி நீளத்தைப் பாதியாக்கினால் அதுவே இறுகிய ஆழம். ஏன் பாதி? சுரண்டலுக்குத் தப்பிய அடிப்பகுதியும் நன்றாக இறுகியதாகச் சொல்ல முடியாது. இதைவிட நுட்பமாகப் பார்க்க, மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் வைர முனையால் அழுத்திக் கடினத்தை ஒப்பிடுகிறோம். அடிப்பரப்பு மேற்பரப்பின் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் ஏற்றுக்கொள்வது வழக்கம்.

மேல்புறம் மட்டும் பிசுபிசுப்பாக இருந்தது. களிம்பு கெட்டுப்போனதா?

கெடவில்லை. இணை சேராத எலக்ட்ரான் உள்ள துண்டுகள் என்று முன்பு சொன்னேனே, காற்றில் உள்ள ஆக்சிஜன் அவற்றைத் தானே பிடித்துக்கொள்வதால், வெளிப்பரப்பில் மெல்லிய ஒரு படலம் இறுகாமல் நிற்கும். அடுக்குகளுக்கு இடையே அது நன்மையே, அடுத்த அடுக்கு அதனோடு கலந்து பிணையும். கடைசி அடுக்கில் மட்டும் அதை மெருகேற்றி நீக்க வேண்டும், அல்லது கிளிசரின் பூசிக் காற்றைத் தடுத்து மறுபடி ஒளி காட்ட வேண்டும்.

இறுகிவிட்டதே, பிறகு ஏன் பழசாகிறது? கல் பழசாகுமா?

வாய் ஒரு நாள்கூடக் காய்வதில்லை. நீர் மூலக்கூறு மிகச் சிறியது, வலையின் இடைவெளிகளுக்குள் மெல்ல நுழைந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள வட்டத்தட்டே நிறைவடைய நாட்களும் வாரங்களும் பிடிக்கும். நுழைந்த நீர் மூன்று வேலை செய்கிறது. சங்கிலிகளுக்கு இடையே நின்று வலையை வீங்கவைத்து இளக்குகிறது. பிணையாமல் மிஞ்சிய சிறு மூலக்கூறுகளை வெளியே கொண்டுபோகிறது. முதலில் சொன்ன சிலேன் இணைப்பை மெதுவாக உடைக்கிறது. கடைசி வேலைதான் மிகக் கெட்டது. துகளைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டால் துகள் வெறுமனே குழியில் கிடக்கும், மெல்லும் விசை அதன் ஓரத்தில் விரிசலைத் தொடங்கும்.

எச்சிலில் உள்ள நொதிகளும் சும்மா இருப்பதில்லை. பிசினில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு, அவற்றை வெட்டும் நொதிகள் எச்சிலிலும் பல் கிருமிகளிடமும் உண்டு. ஐஎஸ்ஓ 4049 நீர் உறிஞ்சலுக்கு கனமில்லிமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் என்றும், கரைவதற்கு 7.5 மைக்ரோகிராம் என்றும் எல்லை வைத்திருப்பது இதனால்தான். ஒன்று, அடைப்புகள் பெரும்பாலும் பொருள் தேய்ந்து தோற்பதில்லை. ஓரத்தில் மறுபடி சொத்தை வருவதும் உடைவதுமே முதன்மைக் காரணங்கள். ஆனால் அந்த ஓரம் எப்படித் திறந்தது என்று பின்னோக்கிப் போனால் சுருக்கத்திலும் நீரிலும் போய் நிற்கும்.

சூடான தே தாரிக் குடித்துவிட்டு உடனே ஐஸ் கச்சாங் சாப்பிட்டால் அடைப்பு வெடிக்குமா?

ஒரு நாளில் வெடிக்காது. ஆனால் கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது. சூட்டில் பல் விரிவதைவிடக் காம்போசிட் அதிகம் விரியும், பல மடங்குகூட ஆகலாம். குளிரில் அதே அளவு அதிகம் சுருங்கும். ஒட்டிய எல்லை ஒவ்வொரு முறையும் சற்று இழுபடும். ஆய்வகத்தில் இதை 5 டிகிரி நீர்த்தொட்டிக்கும் 55 டிகிரி நீர்த்தொட்டிக்கும் இடையே மாதிரியை மாற்றி மாற்றி மூழ்கவைத்துச் சோதிக்கிறோம். ஜாலான் பினாங்கு ஓரத்துச் செண்டோல் கடையில் நிற்கும்போதெல்லாம் அந்த இரண்டு தொட்டிகள் எனக்கு நினைவுக்கு வரும்.

மீன் தலைக் கறியும் நாசி கண்டாரும் சாப்பிட்டே அடைப்பு மஞ்சளாகிவிட்டது. இது நிறம் ஏறியதா, உள்ளே மாறியதா?

இரண்டும் இருக்கலாம், வேறுபடுத்தத் தெரிய வேண்டும். மஞ்சளின் நிறப்பொருள் குர்க்குமின் நீரில் கரையாது, எண்ணெயையும் பிசினையும் நாடும். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை வெயிலில் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள், வாய்க்குள் வெயில் இல்லை. காப்பி, தேநீர், வெற்றிலை ஆகியவையும் சாயம் ஏற்றும். இவை பெரும்பாலும் மேற்பரப்பில் நிற்பவை, மெருகேற்றினால் குறையும். சொரசொரப்பான பரப்பும் சரியாக இறுகாத பரப்பும் அதிகம் உறிஞ்சும். வெற்றிலையோடு சேரும் சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. காரக் கரைசல் கண்ணாடிக்கும் சிலேனுக்கும் பகை என்பதால், விரைவாகப் பழசாக்கும் சோதனைகளில் அதையே பயன்படுத்துகிறோம்.

மெருகேற்றியும் போகாத மஞ்சள் உள்ளிருந்து வருவது. மிஞ்சிய அமீன் ஆண்டுகள் போகப்போக ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறம் மாறும். நிறவேறுபாட்டை எண்ணால் அளக்கும் முறையில் 3.3ஐத் தாண்டினால் ஏற்க முடியாது என்று நெடுநாள் கொண்டிருந்தார்கள், பிறகு 2.7 என்று எல்லையை இறுக்கினார்கள். பல் வெளுப்பாக்கும் மருந்து அடைப்பைப் பல்லைப்போல் வெளுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பல பேர் பணம் கட்டிய பிறகுதான் இதை அறிகிறார்கள்.

பிளாஸ்டிக் போத்தலில் இருக்கும் பிபிஏ நஞ்சு இதிலும் இருக்கிறதாமே?

பிஸ்-ஜிஎம்ஏ தயாரிக்கத் தொடக்கப் பொருள் பிஸ்பினால் ஏ, அதாவது பிபிஏ, என்பது உண்மை. அடைப்பில் அதை அப்படியே சேர்ப்பதில்லை. மிகச் சிறிய கலப்பாக மிஞ்சலாம். பிஸ்-டிஎம்ஏ என்னும் உறவுப் பிசின் இருந்தால் எச்சில் நொதிகள் அதை உடைத்துப் பிபிஏவை வெளிவிடக்கூடும். வெளிவரும் அளவு மிகச் சிறியது, அதுவும் அடைத்த தொடக்க மணிநேரங்களில்தான் மிகுதி. மேலே சொன்ன பிசுபிசுப்புப் படலத்தை நீக்கி வாயைக் கொப்பளிப்பது எளிய, பயனுள்ள முன்னெச்சரிக்கை.

எனக்கு இதைவிட அக்கறை அந்தக் களிம்பைத் தினமும் கையாள்பவர்கள் மீது. இறுகாத பிசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். சாதாரணக் கையுறையை அது சில நிமிடத்தில் ஊடுருவிவிடும். 1949 முதல் பினாங்கில் பல் தாதியருக்குப் பயிற்சி நடந்துவருகிறது. பள்ளிக்கு வந்து நம் பற்களைப் பார்த்த அந்தத் தாதியரை மறக்க முடியாது. அந்த வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் களிம்பைக் கையால் தொடாமல் கருவியால் எடுக்கப் பழக வேண்டும்.

வலைக்குள் வெற்றிடம் என்கிறீர்கள். நானோமீட்டரைவிடச் சிறிய ஓட்டையை எந்த நுண்ணோக்கி காட்டும்?

எந்த நுண்ணோக்கியும் இல்லை. இதற்குப் பாசிட்ரான் உதவுகிறது, எலக்ட்ரானின் எதிர்த்துகள் அது. சோடியம்-22 என்னும் கதிரியக்க மூலத்தை ஒரேமாதிரியான இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் வைப்பார்கள். அது பாசிட்ரானை வெளியிடும் அதே நேரத்தில் 1275 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிரையும் தரும், அது பிறப்பு அறிவிப்பு. பாசிட்ரான் எலக்ட்ரானைச் சந்தித்து அழியும்போது 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர் வரும், அது இறப்பு அறிவிப்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரமே ஆயுள்.

சில பாசிட்ரான்கள் அழிவதற்கு முன் ஓர் எலக்ட்ரானோடு இணைந்து பாசிட்ரோனியம் என்னும் தற்காலிக அணுவாகி, வலையின் ஓட்டைக்குள் தங்கும். அதன் நீண்ட வகை வெறுமையான வெளியில் 142 நானோ விநாடி வாழும். பாலிமருக்குள் சுவரில் உள்ள எலக்ட்ரான்கள் அதைச் சீக்கிரம் பிடித்துவிடுவதால் சில நானோ விநாடிதான். ஓட்டை பெரிதானால் சுவர் தொலைவு, ஆயுள் கூடும். சிறிதானால் குறையும். ஆயுளிலிருந்து ஓட்டையின் ஆரத்தைக் கணக்கிடலாம். களிம்பு இறுகும்போது இந்த ஆயுள் குறைகிறது, ஓட்டைகள் சுருங்கின என்று அதற்குப் பொருள்.

இரண்டு எச்சரிக்கை. ஒரு நல்ல அளவீட்டுக்கு இலட்சக்கணக்கான நிகழ்வுகளை எண்ண வேண்டும், மணிக்கணக்கில் ஆகும். ஆகவே இருபது விநாடி இறுக்கத்தை நேரலையாகப் பார்க்க முடியாது, முன்பும் பின்பும் ஒப்பிடலாம். அடுத்தது, காம்போசிட்டில் பெரும்பகுதி கண்ணாடி. பாசிட்ரான் கண்ணாடிக்குள்ளும் அழியும், எல்லையிலும் அழியும். பிசினை மட்டும் தனியாக அளந்து ஒப்பிட்டாலன்றி எந்த எண் எதற்கு உரியது என்று பிரிக்க முடியாது.

இரண்டு மாதிரியிலும் இரட்டைப் பிணைப்பு மாறிய விழுக்காடு ஒன்றே. அப்படியானால் இரண்டும் ஒரே தரம்தானே?

இதைக் கேட்கும் மாணவர் ஆராய்ச்சியின் வாசலுக்கு வந்துவிட்டார் என்று நினைப்பேன். அகச்சிவப்பு எத்தனை கைகள் பிடித்தன என்று எண்ணுகிறது, யார் யாரைப் பிடித்தார்கள் என்று சொல்வதில்லை. மெதுவாகத் தொடங்கிய இறுக்கத்தில் குறைவான தொடக்கப் புள்ளிகள், நீண்ட சங்கிலிகள். வேகமாக இறுகியதில் நிறையத் தொடக்கப் புள்ளிகள், குறுக்குப் பிணைப்பு மிகுதி. எண்ணிக்கை ஒன்றாக இருக்கும், பின்னல் வேறாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி எத்தனால். மாதிரியை எத்தனால் கலந்த நீரில் ஊறவைத்து, ஊறும் முன்னும் பின்னும் கடினத்தை அளக்கிறோம். குறுக்குப் பிணைப்பு குறைந்த வலையில் எத்தனால் நன்றாக நுழைந்து வீங்கவைக்கும், கடினம் சட்டென்று இறங்கும். பிஸ்-ஜிஎம்ஏவுக்கும் எத்தனாலுக்கும் கரைதிறன் நெருக்கம் என்பதால் இது நீரைவிடக் கூர்மையாகக் காட்டும். ஆல்கஹால் கலந்த வாய்கொப்பளிப்பு நீர் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதுவே அடிப்படை, நாள்தோறும் பயன்படுத்துபவர்கள் ஆல்கஹால் இல்லாததைத் தேர்வது நல்லது என்பது என் கருத்து.

பத்தாண்டு முதுமையை ஒரு வாரத்தில் கொண்டுவருவதாகச் சொல்வதை நம்பலாமா?

பாதி நம்பலாம். 10,000 சூடு-குளிர் சுற்று ஓராண்டுக்குச் சமம் என்ற கணக்கு பரவலாகப் பயன்படுகிறது, ஆனால் அது ஒரு மதிப்பீடுதான், இயற்கை விதி அன்று. ஒரு சோதனை வெப்பத்தை மட்டும் தருகிறது, இன்னொன்று நீரை மட்டும், மற்றொன்று மெல்லும் விசையை மட்டும். வாய் எல்லாவற்றையும் ஒன்றாகத் தருகிறது, இடையில் நொதியையும் அமிலத்தையும் சேர்க்கிறது. ஆகவே விரைவுச் சோதனை இரண்டு பொருள்களை ஒப்பிடப் பயன்படும், எத்தனை ஆண்டு உழைக்கும் என்று சொல்லப் பயன்படாது. கடைவாய் அடைப்புகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 முதல் 3 விழுக்காடு தோற்கின்றன என்ற கணக்கு உண்மையான வாய்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்ததால் கிடைத்தது.

பழைய அடைப்பில் மாறாத பிணைப்புகள் இன்னும் இருக்கின்றனவே, அதன்மேல் புதிதாக ஒட்டினால் தானாகவே பிணையாதா?

நல்ல கேள்வி, ஆனால் நடைமுறையில் அவற்றை நம்ப முடியாது. மிஞ்சிய நுனிகள் வலைக்குள் புதைந்து கிடக்கின்றன, புதுப் பிசின் அவற்றை எட்டுவது அரிது. பிசுபிசுப்புப் படலமும் எப்போதோ போய்விட்டது. ஆகவே பழைய பரப்பை அலுமினாத் தூளால் சொரசொரப்பாக்கி, வெளிப்படும் கண்ணாடித் துகள்களில் சிலேன் தடவி, ஒட்டுப்பசை பூசிய பிறகே புதிய அடுக்கை வைப்பார்கள். முழு அடைப்பையும் தோண்டினால் நல்ல பல்லும் சேர்ந்து போகும், அதனால் பழுதுபார்ப்பதே பல வேளைகளில் மேலானது.

நீர் புகுந்தால் அடைப்பு வீங்கும் என்றீர்கள். அப்படியானால் இறுகும்போது வந்த சுருக்கம் தானாகச் சரியாகிவிடுமே?

ஓரளவு நிகர்செய்கிறது, அளந்தால் தெரிகிறது. ஆனால் நேரத்தைப் பாருங்கள். சுருக்கத்தின் பெரும்பகுதி ஒளிபட்ட ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. வீக்கம் வாரக்கணக்கில் வருகிறது. அந்த இடைவெளியில் ஒட்டிய ஓரம் பிய்ந்திருந்தால், பிறகு வரும் வீக்கம் இரண்டு சுவர்களையும் நெருக்கி வைக்குமே தவிர, அறுந்த பிணைப்பை ஒட்டாது. நெருங்கிய அந்தச் சந்துக்குள்ளும் எச்சில் போகும், கிருமியும் போகும்.

வீக்கம் சீராகவும் இருப்பதில்லை. நீர் முதலில் வெளிப்புறத்தை அடைகிறது, உள்புறம் காய்ந்தே இருக்கிறது. வெளிப்புறம் விரிய, உள்புறம் பிடித்து இழுக்க, புதிய ஓர் இழுவிசை பிறக்கிறது. டெக்டிஎம்ஏ மிகுந்த களிம்பில் இது கூடுதல், அது நீரை விரும்பும் மூலக்கூறு. எங்கள் ஆய்வகத்தில் 15 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள தட்டுகளை நீரிலிருந்து எடுத்து, ஈரத்தைத் துடைத்து, நிறுத்து, விட்டத்தை அளந்து, மறுபடி நீரில் வைக்கிறோம். முதல் சில நாட்களில் எடை வேகமாக ஏறும், விட்டம் அவ்வளவு வேகமாக ஏறாது. அப்போது நீர் வலையைத் தள்ளாமல், முன்பே இருந்த ஓட்டைகளில் போய் உட்காருகிறது. எடையும் விட்டமும் சேர்ந்து ஏறத் தொடங்கும் நாளிலிருந்துதான் வலை இடம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது.